கெட்டி மண்ணில் வாரி ஏன் துள்ளுகிறது?



புக்கிட் தெங்கா, ஜூரு, புக்கிட் மின்யாக் வட்டாரத்தில் வசிப்பவர்கள் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. புதிய வீடமைப்புப் பகுதியோ தொழிற்சாலையோ எழும்பும் இடத்தில் லோரி லோரியாகச் செம்மண்ணைக் கொட்டுவார்கள். உருளை இயந்திரம் அதை அழுத்திச் சமன் செய்யும். கட்டட வேலை முடிந்த பிறகு, மீதி இடத்தில் புல் பதிக்கவும் மரக்கன்று நடவும் திட்டமிடுவார்கள். அப்போது ஒரு டிராக்டர் வரும். அதன் பின்னால் பெரிய இரும்புச் சீப்பைப் போன்ற ஒரு கருவி தொங்கும். அதுதான் டிராக்டர் வாரி. கையால் இழுக்கும் வாரியை மலாயில் 'பென்சாக்கார்' என்கிறோம் அல்லவா? இது அதன் அண்ணன்.

இளகிய மண்ணில் இந்த வாரி அழகாக வேலை செய்யும். கல்லையும் வேரையும் அள்ளிக்கொண்டு போகும். பின்னால் தலை சீவியது போல நிலம் சமமாக இருக்கும். ஆனால் வெயிலில் காய்ந்த கெட்டி மண்ணில் அதே வாரி துள்ளும், 'கடகட' என்று சத்தமிடும், மேலே சில கீறல்களை மட்டும் போட்டுவிட்டுப் போகும். உடனே சிலர் வாரியின் மேல் கல்லை ஏற்றுவார்கள். சிலர் இன்னும் பெரிய வாரியைத் தேடுவார்கள்.

இவை பலன் தருமா? நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்த அழுத்தம் என்ற ஒரே கருத்தை வைத்துக்கொண்டு இதற்கு விடை காணலாம்.

வாரியின் வேலை என்ன?

டிராக்டர் வாரியில் ஒரு நீண்ட இரும்புச் சட்டம் இருக்கும். அதில் வளைந்த எஃகுப் பற்கள் ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளியில் வரிசையாக நிற்கும். ஐந்தடி அகல வாரியில் சுமார் 60 பற்கள் இருக்கும். இவை சுருள்வில் செய்யப் பயன்படும் வகை எஃகு. கல்லில் மோதினால் உடையாமல் வளைந்து கொடுத்து, பிறகு பழைய நிலைக்குத் திரும்பும்.

டிராக்டரின் பின்புறத்தில் மூன்று இடங்களில் இந்தக் கருவி இணைக்கப்படுகிறது. கீழே இரண்டு கைகள், மேலே ஒன்று. இந்த மூன்று முனை இணைப்பை உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். 1939-இல் வெளிவந்த ஃபோர்டு 9என் டிராக்டர் இந்த அமைப்போடு விற்பனைக்கு வந்தது. இன்று உலகில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் இதே அமைப்புதான் இருக்கிறது.

இணைப்பின் மேல் கையின் நீளத்தை மாற்றினால் பற்களின் சாய்வு மாறும். சட்டத்தையே இடப்புறமோ வலப்புறமோ திருப்பி வைத்தால், வாரிய கல்லும் குப்பையும் ஓர் ஓரமாக ஒதுங்கி வரிசையாகக் குவியும்.

ஆக, வாரி செய்யும் வேலைகள் மூன்று: தளர்ந்த மண்ணைப் பரப்புவது, கல்லையும் வேரையும் பிரித்து ஒதுக்குவது, மேற்பரப்பைச் சமன் செய்வது. மண்ணை உடைப்பது இந்தப் பட்டியலில் இல்லை. நம் முன்னோர் வயலில் உழவுக்குக் கலப்பை, சமன் செய்யப் பரம்பு என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருந்ததை நினைத்துப் பாருங்கள். பரம்பை வைத்து யாரும் உழ முயன்றதில்லை.

மண் ஏன் கெட்டியாகிறது?

நல்ல மேல்மண்ணைக் கையில் எடுத்தால், அதன் கன அளவில் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள். மறு பாதி நுண்துளைகள். அந்தத் துளைகளில் காற்றும் நீரும் இருக்கும். வேர் மூச்சு விடுவதும் நீர் குடிப்பதும் இந்தத் துளைகளின் வழியாகத்தான்.

மண் இறுகுவதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, பாரம். லோரி, உருளை, டிராக்டர் ஆகியவற்றின் சக்கரங்கள் மண்துகள்களை நெருக்கித் தள்ளுகின்றன. பெரிய துளைகள் முதலில் நசுங்கிப்போகும். ஒரு கன சென்டிமீட்டர் நல்ல மண், காய்ந்த நிலையில் சுமார் 1.3 கிராம் எடை இருக்கும். இறுகிய களிமண்ணில் இது 1.5 கிராமைத் தாண்டினாலே வேர் வளர்ச்சி பாதிக்கப்படும்.

இரண்டாவது, களி. களிமண்ணின் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது; தட்டையானது. மண் காயும்போது துகள்களுக்கு இடையே மிஞ்சியிருக்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒன்றோடொன்று இழுக்கும். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பிரிக்க முயன்று பாருங்கள், அந்த இழுவிசை புரியும். மணலில் துகள்கள் பெரியவை, தொடும் இடங்கள் குறைவு. எனவே காய்ந்த மணல் உதிர்கிறது, காய்ந்த களி செங்கல்லாகிறது.

மூன்றாவது, இரும்பு. வெப்பமும் மழையும் மிகுந்த நாடுகளில் பாறை நீண்ட காலம் சிதையும்போது மற்ற தாதுக்கள் கரைந்து போய், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிஞ்சும். நம் செம்மண்ணின் நிறம் இரும்பு ஆக்சைடால் வந்தது. சில இடங்களில் இந்த ஆக்சைடுகள் சிமெண்டு போலத் துகள்களை ஒட்டிவிடும். 1807-இல் பிரான்சிஸ் புக்கனன் என்பவர், கேரளாவின் அங்காடிப்புரத்தில் மக்கள் இத்தகைய மண்ணை வெட்டி எடுத்துக் காயவைத்து வீடு கட்டுவதைப் பற்றி எழுதினார். செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்கு 'லேட்டரைட்' என்று பெயரிட்டார். காய்ந்தால் வீடு கட்டும் அளவுக்கு இறுகும் பொருளைத்தான் சில இடங்களில் நாம் வாரியால் சீவப் பார்க்கிறோம்.

இப்போது கணக்கு

அழுத்தம் = விசை ÷ பரப்பளவு. இந்தச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்.

ஒரு வாரியின் எடை 150 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். அது தரும் விசை ஏறக்குறைய 1500 நியூட்டன். அது முழுவதும் 60 பற்களின் மேல் சமமாக இறங்கினால், ஒரு பல்லுக்கு 25 நியூட்டன். பல்லின் நுனி மண்ணைத் தொடும் பரப்பளவு 1 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அழுத்தம் 250 கிலோபாஸ்கல்.

எதிரில் இருக்கும் மண்ணின் நிலை என்ன? ஒரு கூம்பு முனைக் கம்பியை மண்ணில் செலுத்தி, மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று அளக்கலாம். அந்த எதிர்ப்பு ஏறக்குறைய 2000 கிலோபாஸ்கலைத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களின் வேர்கள் வளரத் திணறும். இறுகிக் காய்ந்த செம்மண் இந்த அளவை எளிதில் தாண்டும்.

250 எங்கே, 2000 எங்கே! எட்டில் ஒரு பங்குதான். பல் உள்ளே இறங்க முடியாது. டிராக்டர் இழுக்கிறது, பல் வளைகிறது, வளைந்த எஃகு விடுபட்டுத் துள்ளுகிறது. நாம் கேட்ட 'கடகட' சத்தத்தின் காரணம் இதுதான்.

எடையைக் கூட்டினால்? 2000 கிலோபாஸ்கல் வேண்டுமானால் மொத்த எடை எட்டு மடங்காக, அதாவது 1200 கிலோகிராமாக வேண்டும். ஒரு மைவி காரைத் தூக்கி வாரியின் மேல் வைத்தாலும் போதாது! அப்படியே வைத்தாலும் சட்டம் வளையும். டிராக்டரின் சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும். அந்தச் சக்கரமே மண்ணை மேலும் இறுக்கும்.

சூத்திரத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். விசையைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பரப்பளவைக் குறைத்தால் என்ன? அதே 150 கிலோகிராம் எடையை 60 பற்களுக்குப் பதிலாக 5 பற்களுக்குக் கொடுப்போம். ஒரு பல்லுக்கு 300 நியூட்டன். அழுத்தம் 3000 கிலோபாஸ்கல். இப்போது மண் வழிவிடும்.

அகல உழுவதா, ஆழ உழுவதா?

'அகல உழுவதை விட ஆழ உழுவதே மேல்' என்ற பழமொழியைக் கேட்டிருப்பீர்கள். நாம் செய்த கணக்கு அதைத்தான் சொல்கிறது. விசையைப் பரவலாகச் சிதறவிட்டால் மேலே கீறல்தான் மிஞ்சும். சில முனைகளில் குவித்தால் ஆழம் கிடைக்கும்.

19-ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், பிறகு ரப்பர் தோட்டங்களிலும் வேலை செய்த நம் மூதாதையரின் கையில் இருந்தது சங்குல். கனமான தலை, ஒரே ஒரு கூரிய விளிம்பு. தலைக்கு மேல் ஓங்கிப் போடும்போது முழு விசையும் அந்த மெல்லிய விளிம்பில் குவிகிறது. ஆகவேதான் தனி ஒரு மனிதரால் டிராக்டர் வாரி இறங்காத மண்ணிலும் சங்குலை இறக்க முடிகிறது.

டிராக்டரில் இந்த வேலையைச் செய்வது உளிக் கலப்பை. சில தடித்த பற்கள் மட்டுமே உண்டு. அவற்றின் முனை முன்னோக்கிச் சாய்ந்திருப்பதால், டிராக்டர் இழுக்க இழுக்க அது தானே கீழே இறங்கும். அடிமண் இறுகிய நிலங்களுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பரிந்துரையைப் பாருங்கள்: இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, அரை மீட்டர் இடைவெளியில் உளிக் கலப்பையால் முதலில் ஒரு திசையிலும், பிறகு அதற்குச் செங்குத்தான திசையிலும் உழ வேண்டும். அதோடு ஒரு ஹெக்டருக்கு 12.5 டன் தொழுவுரமோ மக்கிய தென்னை நார்க்கழிவோ இட வேண்டும்.

உரம் எதற்கு? வெறும் கீறலை மழை மறுபடி மூடிவிடும். மக்கிய பொருள் துகள்களுக்கு இடையே புகுந்து, அவற்றைச் சிறு சிறு கட்டிகளாகப் பிணைத்து, துளைகளைக் காப்பாற்றி வைக்கும். மண்புழுக்களுக்கும் அது உணவு.

பதம் பார்ப்பது எப்படி?

முறுக்கு பிழிந்த அனுபவம் உங்கள் வீட்டில் இருக்கும். மாவில் நீர் குறைந்தால் உதிரும், கூடினால் ஒட்டும், பதமாக இருந்தால்தான் அச்சிலிருந்து அழகாக இறங்கும். மண்ணும் அப்படியே.

சுவீடனைச் சேர்ந்த ஆல்பர்ட் அட்டர்பர்க் என்ற விஞ்ஞானி 1911-இல் இந்தப் பதத்திற்கு எல்லைகள் வகுத்தார். நீர் கூடக் கூட, களிமண் உடையும் திடநிலையிலிருந்து பிசையக்கூடிய நிலைக்கும், அதிலிருந்து வழியும் நிலைக்கும் மாறுகிறது. இன்றும் கட்டடப் பொறியாளர்கள் இந்த எல்லைகளைப் பயன்படுத்துகிறார்கள். பிசையக்கூடிய நிலையின் கீழ் எல்லையைக் கண்டறிய அவர்கள் செய்யும் சோதனை மிக எளிது: மண்ணைக் கயிறாக உருட்டுவது. 3 மில்லிமீட்டர் தடிமன் வரும்போது கயிறு நொறுங்கத் தொடங்கினால், அதுதான் அந்த எல்லை.

நிலத்தைத் திருத்த ஏற்ற பதம் இந்த எல்லையை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கும். அப்போது மண் கட்டிகள் உதிரியாக உடையும். கயிறாகவே உருளாமல் தூளானால் மண் மிகவும் காய்ந்துவிட்டது; வாரி துள்ளும். 3 மில்லிமீட்டரைவிட மெல்லியதாக உருட்டியும் நொறுங்காவிட்டால் மண் மிகவும் ஈரம்; பற்களுக்கு இடையே அப்பிக்கொள்ளும், சக்கரத்தின் கீழ் மண் இன்னும் நசுங்கும்.

பினாங்கில் பொதுவாக டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் அதிகம். ஆகவே வறண்ட மாதத்தில் வேலை செய்ய வேண்டுமானால், ஒரு நல்ல மழைக்குப் பிறகு ஓரிரு நாள் காத்திருந்து பதம் பார்க்கலாம். மழை இல்லையேல் முன்கூட்டியே நீர் தெளித்து ஊறவிடலாம். பலத்தைக் கூட்டுவதைவிட, காத்திருப்பதில் செலவு குறைவு.

எந்த மண்ணுக்கு என்ன வழி?

காய்ந்த களிமண்: முதலில் ஈரம், பிறகு உளிக் கலப்பை, கடைசியில் வாரி.

ஒட்டும் ஈரக் களி: எந்தக் கருவியும் வேண்டாம். காயும்வரை காத்திருங்கள்.

கல் கலந்த செம்மண்: மண் தளர்ந்த பிறகு வாரிக்கு மிகப் பொருத்தமான இடம் இதுதான். பற்களின் இடைவெளியைவிடப் பெரிய கற்கள் மாட்டிக்கொள்ளும், சிறியவை நழுவிவிடும். சல்லடையின் தத்துவமே இது.

லாலாங் மண்டிய நிலம்: லாலாங் புல்லின் வெள்ளைத் தண்டு மண்ணுக்கடியில் ஓடும். துண்டு துண்டாக வெட்டுப்பட்டாலும் துண்டிலிருந்து புதிய செடி முளைக்கும். எனவே உழுதுவிட்டு அப்படியே விடக்கூடாது. வாரியால் அந்தத் தண்டுகளை அள்ளி அகற்ற வேண்டும்.

சரிவான நிலம்: மேலிருந்து கீழாக வாரினால் ஒவ்வொரு கீறலும் மழைநீர் ஓடும் வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்காக வாருவதே சரி. ஆனால் செங்குத்தான சரிவில் டிராக்டர் குறுக்கே ஓடினால் கவிழும் அபாயம் உண்டு. அங்கே கைக்கருவியே நல்லது.

வேலையின் வரிசை

ஒரு திடலையோ தோட்ட இடத்தையோ திருத்தும்போது இந்த வரிசையைக் கடைப்பிடிக்கலாம்.

1. நிலத்தடியில் நீர்க்குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2. கட்டடக் கழிவு, கம்பி, பெரிய கல் ஆகியவற்றை அகற்ற வேண்டும்.

3. கயிறு உருட்டிப் பதம் பார்க்க வேண்டும்.

4. உளிக் கலப்பையால் இரண்டு திசையிலும் கீற வேண்டும்.

5. மக்கிய உரத்தைப் பரப்பிக் கலக்க வேண்டும்.

6. வாரியைச் சாய்வாகத் திருப்பி, மெதுவாக ஓட்டிக் கல்லையும் வேரையும் ஒதுக்க வேண்டும். பிறகு நேராக வைத்துச் சமன் செய்ய வேண்டும்.

7. உடனே புல்லாலோ சருகாலோ நிலத்தை மூட வேண்டும்.

ஆறாவது படியில் ஓர் எச்சரிக்கை. அழகுக்காகத் திரும்பத் திரும்ப வாரி, மண்ணை மாவாக்கிவிடக் கூடாது. மாவு போன்ற மண்ணில் கனமழை விழுந்தால், நுண்துகள்கள் துளைகளை அடைத்து மேலே ஓர் ஓடு போலப் படியும். ஓடு படியாத இடத்தில் மண் கரைந்து சாக்கடைக்கும், அங்கிருந்து ஜூரு ஆற்றுக்கும் போய்ச் சேரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண் நிறுவனம் கூறுகிறது. அதை ஒரே மாலை மழையில் இழந்துவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. தமிழ்நாட்டு வயல்களில் மாடு இழுக்கும் பரம்பின் மேல் பாரத்துக்காக ஆள் ஏறி நிற்பது வழக்கம். அங்கே மாடு மெல்ல நடக்கும், கீழே சேறு. டிராக்டர் வாரியின் மேல் அப்படி யாரும் ஏறவே கூடாது. வாரி துள்ளும்போது தவறி விழுந்தால், எஃகுப் பற்கள் மேலே ஏறிவிடும்.

கெட்டி மண் எப்போதும் எதிரியா?

இல்லை. 1933-இல் அமெரிக்கப் பொறியாளர் ரால்ப் புரோக்டர், எவ்வளவு ஈரம் இருந்தால் மண் மிக நன்றாக இறுகும் என்று கண்டறியும் சோதனையை வெளியிட்டார். அணையும் சாலையும் வீட்டு அடித்தளமும் உறுதியாக நிற்க அது உதவுகிறது. உங்கள் வீடு அமிழாமல் இருப்பது, அதன் கீழே உள்ள மண்ணை யாரோ சரியாக இறுக்கியதால்தான்.

நெல் வயலுக்கும் கெட்டி மண் வேண்டும். மேலே சேறும் அதன் கீழே ஒரு கெட்டியான அடுக்கும் இருந்தால்தான் நீர் தேங்கும். இயந்திரங்களும் புதையாமல் ஓடும். கெடாவின் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தில் 1970 முதல் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைவிக்கத் தொடங்கினார்கள். நிலம் காய்வதற்குப் போதிய இடைவெளி கிடைக்காத இடங்களில் அந்தக் கெட்டி அடுக்கு இளகி, கனமான அறுவடை இயந்திரங்கள் வயலில் புதையும் சிக்கல் எழுந்தது. இங்கே நாம் மண் கெட்டியாக இருக்கிறதே என்று வருந்துகிறோம்; அங்கே மண் இளகிவிட்டதே என்று வருந்துகிறார்கள்!

வீட்டைத் தாங்க இறுக்கிய மண்ணிலேயே மரமும் வளர வேண்டும் என்று எதிர்பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. கோத்தோங்-ரோயோங்கில் நாம் ஆர்வத்தோடு நடும் கன்று, சில மாதங்களில் வாடிப்போனால், வெயிலை மட்டும் குறை சொல்லாதீர்கள். குழிக்கு வெளியே உள்ள மண்ணையும் சோதித்துப் பாருங்கள். வாரியின் பல் இறங்காத மண்ணில் கன்றின் மெல்லிய வேரும் திணறத்தான் செய்யும்.

செய்து பாருங்கள்

சோதனை 1: இரண்டு பக்கமும் திறந்த ஒரே அளவான இரண்டு பால் டின்களை எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பு கையைக் கிழிக்காதபடி பெரியவர் உதவியுடன் செய்யுங்கள். ஒன்றை ஆட்கள் நடந்து நடந்து இறுகிய பாதையிலும், மற்றொன்றை மரத்தடியிலும் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இரண்டிலும் ஒரு குவளை நீர் ஊற்றி, நீர் முழுவதும் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள்.

சோதனை 2: ஒரு கண்ணாடிக் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் இட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்திலும், வண்டல் சில மணி நேரத்திலும், களி ஒரு நாளோ அதற்கு மேலோ எடுத்தும் படியும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் உங்கள் மண்ணில் எது மிகுதி என்று தெரிந்துவிடும்.

சிந்தித்துப் பாருங்கள்

அ. 200 கிலோகிராம் எடையும் 80 பற்களும் கொண்ட பெரிய வாரியை வாங்கினால் கெட்டி மண்ணில் பயன் இருக்குமா? (நுனிப் பரப்பளவு 1 சதுர சென்டிமீட்டர்.)

ஆ. ஒரு ஹெக்டருக்கு 12.5 டன் உரம் என்றால், 20 மீட்டருக்கு 30 மீட்டர் அளவுள்ள பள்ளித் தோட்டத்துக்கு எவ்வளவு வேண்டும்?

விடைகள்: (அ) 2000 நியூட்டனை 80 பற்கள் பங்கிட்டால் ஒரு பல்லுக்கு அதே 25 நியூட்டன், அழுத்தமும் அதே 250 கிலோபாஸ்கல். வாரி பெரிதானதே தவிர, பல் ஆழமாக இறங்காது. (ஆ) ஒரு சதுர மீட்டருக்கு 1.25 கிலோகிராம், 600 சதுர மீட்டருக்கு 750 கிலோகிராம்.

அடுத்த முறை ஒரு டிராக்டர் வாரி துள்ளிக்கொண்டு போவதைக் கண்டால், மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து உருட்டிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த மண்ணே சொல்லிவிடும்.